உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்குப் பின் 50 நாள்

சாம்பற் புதனன்று தொடங்கிய உபவாச காலத்தை ஒருவித ஒழுங்கோடும் பயபக்தியோடும் கடந்து, குருத்தோலைப் பவனியில் நடந்து, பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கைக் கண்டு, பெரிய வெள்ளியன்று மும்மணி நேர ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் குறித்த ஏழு பிரசங்கங்களைப் பொறுமையோடு கேட்டு, ஞாயிறு விடியுமுன் வெள்ளையுடுத்திக் கோயிலுக்குச் சென்று, கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்னும் செய்தியைப் பாட்டாகவும் முழக்கமாகவும் செவி நிறையக் கேட்டுத் திரும்புகிற நம் கிறிஸ்தவ ஜனங்கள், அன்று மத்தியானப் பிரியாணியோடு பண்டிகையை முடித்துவிடுகிறார்கள். திங்கட்கிழமை உத்தியோகம் அழைக்கிறது. நாற்பது நாளாக விலக்கி வைத்திருந்த இறைச்சியும் சினிமாவும் வீட்டுக்குள் திரும்பி வருகின்றன. அடுத்த ஞாயிறு பார்த்தால் கோயிலில் பாதி இருக்கை காலி. துக்கத்தை அனுசரிப்பதில் நமக்குள்ள திறமை மகிழ்ச்சியை அனுசரிப்பதில் இல்லை என்றே சொல்லவேண்டும்.

திருச்சபையின் நாட்காட்டி வேறு கணக்குச் சொல்லுகிறது. உபவாசத்துக்கு 40 நாள் ஒதுக்கிய முன்னோர், உயிர்ப்பின் மகிழ்ச்சிக்கு அதைவிட அதிகமாக, பெந்தெகொஸ்தே திருநாள் முடிய 50 நாள் ஒதுக்கினார்கள். கி.பி. 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள், கிறிஸ்துவின் தெய்வத்துவத்தைப் பற்றிய பெரும் விவாதத்துக்கு ஒரு முடிவு கண்டார்கள் என்பதும், உயிர்ப்பு ஞாயிற்றை எல்லாச் சபைகளும் ஒரே நாளில் கொண்டாடவேண்டும் என்று தீர்மானித்தார்கள் என்பதும் பலரும் அறிந்த செய்திகள். அவர்கள் வகுத்த இருபது விதிகளுள் கடைசி விதி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் இந்த 50 நாள்களிலும் ஒருவரும் முழங்காற்படியிடாமல் நின்றபடியே ஜெபிக்கவேண்டும் என்பதாகும் என்ற செய்தியோ, பிரசங்க மேடைகளில் அபூர்வமாகவே கேட்கப்படுவது. மனஸ்தாபத்துக்கு முழங்கால், உயிர்ப்புக்கு நிமிர்ந்த முதுகு. அந்த விதியை இன்று மேற்குச் சபைகள் ஏறக்குறைய மறந்துவிட்டன. கிழக்குச் சபைகளில் அதன் சுவடு இன்னும் இருக்கிறது.

சடங்கு ஒன்று வழக்கொழிந்தது பற்றி மட்டும் எழுதுவதானால் இந்தப் பத்திரிகையின் இடத்தை நான் கேட்டிருக்கமாட்டேன். நம் காலத்து மனிதர், மதம் எதுவாயினும், தேடி அலைகிற இரண்டு பொருள்கள் மன அமைதியும் வாழ்வுக்கு ஓர் அர்த்தமும். கிறிஸ்தவ விசுவாசம் அவற்றைத் தருவதாகச் சொல்லுகிறது. எப்படித் தருகிறது என்பதற்கான விளக்கம், சிலுவைக்கு முந்திய 40 நாளில் இருப்பதைக் காட்டிலும், கல்லறை திறந்ததற்குப் பிந்திய அந்த 50 நாளில்தான் தெளிவாக இருக்கிறது. அந்த நாள்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

நம் ஊர்ச் சுவர்களில் சமாதானத்துக்கு விளம்பரம் இல்லாத மாதம் இல்லை. பெருங்கூட்டம், சிறப்புச் செய்தியாளர், இசைக்குழு, நோய் நீங்கும், கடன் தீரும், தடைப்பட்ட திருமணம் கூடிவரும் என்ற வாக்குறுதிகள். அங்கே போகிறவர்களை நான் இகழமாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவும் வட்டிக்காரனின் குரலும் ஒரு குடும்பத்தை எந்த வாசலுக்கும் தள்ளும் என்பதை நடுத்தர வர்க்கத்தில் பிறந்த எவரும் அறிவர். ஆனால் அந்த மேடைகளில் வாக்களிக்கப்படுகிற சமாதானம், துன்பம் இல்லாமையின் மறுபெயர். துன்பம் திரும்பி வரும்போது, வருவது நிச்சயமாகையால், அந்தச் சமாதானமும் விடைபெறுகிறது. போதாதென்று, உனக்கு விசுவாசம் குறைவு என்ற பழியும் நோயாளியின் தலையிலேயே விழுகிறது. இதைவிடக் கொடிய போதனையை நான் அறியேன்.

சுவிசேஷங்களில் உயிர்ப்பின் முதல் நாளைப் படித்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அங்கே அமைதியே இல்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரு பெரும் கையெழுத்துப் பிரதிகளில், அதாவது வத்திக்கானில் உள்ளதிலும் சீனாய் மடத்தில் கிடைத்ததிலும், மாற்கு எழுதிய சுவிசேஷம் 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. கல்லறைக்குச் சென்ற பெண்கள் நடுக்கமும் திகைப்பும் பிடித்து ஓடினார்கள், பயந்தபடியால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் அங்கே கடைசிச் செய்தி. அதற்குப் பின்னுள்ள பன்னிரண்டு வசனங்கள் பிற்காலத்தில் சேர்ந்தவை என்பது பெரும்பாலான அறிஞர்களின் அபிப்பிராயம். யோவான் எழுதுவதும் இதையொத்ததே. கல்லறை காலியாயிருந்த செய்தியை விடியற்காலையிலேயே மகதலேனா மரியாள் ஓடிவந்து சொன்னாள். பேதுருவும் இன்னொரு சீஷனும் போய்ப் பார்த்தார்கள். பிறகு மரியாள் தாம் கர்த்தரையே கண்டதாகவும் வந்து சொன்னாள். இத்தனைக்கும் பிறகு, அன்று சாயங்காலம் அவர்கள் ஓர் அறைக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே, நற்செய்தியைக் கேட்டது மாத்திரத்தில் ஒருவருக்கு மன அமைதி வந்துவிடும் என்று எண்ணுவது முதல் சீஷர்களின் அனுபவத்துக்கே முரணானது. ஈஸ்டர் ஆராதனை முடிந்து வீடு திரும்பியும் மனம் கலங்கியிருக்கிறவர் எவரும், நமக்கு மட்டும் ஏன் இப்படி என்று வெட்கப்படவேண்டியதில்லை.

அந்தப் பூட்டிய அறைக்குள் உயிர்த்தவர் வந்து நின்று என்ன செய்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். சமாதானம் கூறினார், கூறிய கையோடு தம் கைகளையும் விலாவையும் காட்டினார். மரணத்தை வென்ற சரீரத்தில் ஆணித் தழும்பு ஏன் இருக்கவேண்டும்? புராணக் கதைகளில் மீண்டு வருகிற வீரர்கள் முன்னினும் பொலிவோடு, வடுவின்றி வருவார்கள். கேட்பவர்களும் அதையே விரும்புவார்கள். இங்கோ காயம் போகவில்லை. பிறகு, மறுபடியும் சமாதானம் கூறி, பிதா தம்மை அனுப்பியதுபோலத் தாமும் அவர்களை அனுப்புவதாகச் சொன்னார். ஆக, அந்தச் சில நிமிஷங்களில் மூன்று காரியங்கள் ஒன்றோடொன்று பிணைந்து வருகின்றன: வாழ்த்து, காயம், வேலை. காயத்தை மறைத்துவிட்டு வாழ்த்தை மட்டும் பெற ஆசைப்படுகிறவர்களுக்கும், வேலையை ஒதுக்கிவிட்டு மன நிம்மதியை மட்டும் கேட்கிறவர்களுக்கும் அந்த அறையில் இடமில்லை.

அன்று அங்கே இல்லாத தோமா, தழும்பைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்று எட்டு நாள் பிடிவாதமாக இருந்ததும், எட்டாம் நாள் அவருக்கென்றே மறுபடியும் காட்சி அளிக்கப்பட்டதும் எல்லாரும் அறிந்த கதை. சந்தேகப்பட்டவர் என்ற பட்டப்பெயரோடு அவரை விட்டுவிடுவது மேல்நாட்டு வழக்கம். நம் நாட்டு மரபு அவருக்குச் செய்திருக்கும் நியாயம் பெரிது. மற்றச் சீஷர்களுள் பலரும் மத்தியதரைக் கடலைச் சுற்றியே உழைத்தார்கள் என்று சொல்லப்பட, தோமா அரபிக்கடல் தாண்டி மலையாளக் கரையில் இறங்கி, மயிலாப்பூர் வரை வந்து, இன்று பரங்கிமலை எனப்படும் குன்றில் ஈட்டியால் குத்துண்டு மாண்டார் என்பது கேரளத்துச் சபைகளும் சென்னையும் பல நூற்றாண்டுகளாகப் போற்றிவரும் பாரம்பரியம். சரித்திர ஆசிரியர்கள் இதைப் பற்றி விவாதிக்கட்டும். அதிகமாகச் சந்தேகித்தவரே அதிக தூரம் அனுப்பப்பட்டார் என்று நம்பிய ஒரு ஜனசமூகத்தின் உள்ளுணர்வு எனக்குச் சரியாகவே படுகிறது.

எனினும், உயிர்ப்புக்குப் பிந்திய நிகழ்ச்சிகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது யோவானின் கடைசி அதிகாரம். பேதுரு கலிலேயாவுக்குத் திரும்பிவிட்டார். உயிர்த்தவரை இரண்டு முறை கண்டாயிற்று; சமாதானமும் கேட்டாயிற்று; இருந்தும் என்ன செய்வது என்று தெரியவில்லை. மீன் பிடிக்கப் போகிறேன் என்கிறார். மற்ற ஆறு பேரும் கூடவே கிளம்புகிறார்கள். நம்மில் யாரும் செய்யக்கூடியது இதுதான்: பெரிய அனுபவம் ஒன்று வந்து போனபின், அதை என்ன செய்வதென்று விளங்காமல், தெரிந்த தொழிலுக்குத் திரும்புவது. இராமுழுதும் வலைவீசியும் ஒன்றும் அகப்படவில்லை. விடியும் நேரத்தில் கரையில் நின்ற ஒருவர் வலப்பக்கம் வலைவீசச் சொல்ல, வலை இழுக்கமுடியாத பாரமாகிறது. கரை சேர்ந்து பார்த்தால் அங்கே கரி நெருப்பு மூட்டி, அதன்மேல் மீன் வைத்து, அப்பத்தோடு காலை உணவு தயாராக இருக்கிறது.

அந்தக் கரி நெருப்பைச் சற்று நின்று பார்க்கவேண்டும். யோவானின் சுவிசேஷத்தில் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் கரி நெருப்பு வருகிறது. அது பிரதான ஆசாரியனுடைய வீட்டு முற்றத்தில், குளிருக்காக வேலைக்காரர்கள் மூட்டியது. அதன் அருகில் நின்று குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு தம் குருவை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்தார். இப்போது இன்னொரு கரி நெருப்பின் அருகில், சாப்பாடு முடிந்த பிறகு, மூன்று முறை ஒரே கேள்வி கேட்கப்படுகிறது: என்னிடத்தில் உனக்கு அன்பு உண்டா என்று. சாப்பாட்டுக்கு முன்னே கேட்கவில்லை. பசித்தவனிடம் விசாரணை நடத்துவதில்லை என்ற நாகரிகம் அங்கே இருக்கிறது. முற்றத்தில் நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று விளக்கம் கேட்கவில்லை. இனிமேல் அப்படிச் செய்யமாட்டேன் என்று வாக்குறுதி வாங்கவும் இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பொறுப்பு கொடுக்கப்படுகிறது: என் ஆடுகளைப் பார்த்துக்கொள். தவறியவனை மன்னித்து ஒரு மூலையில் உட்காரவைக்கிற தயாளம் உலகில் நிறைய உண்டு. தவறியவனை நம்பி ஒரு பெரிய காரியத்தை ஒப்படைக்கிற தைரியம் அரிது. பேதுருவின் மனப்புண் ஆறியது ஒப்படைக்கப்பட்டதனால்தான் என்று நான் கருதுகிறேன்.

அன்று வலையில் இருந்த மீன்கள் 153 என்று யோவான் எண்ணிக்கை தருகிறார். இந்த எண்ணைப் பற்றி எழுதப்பட்டவற்றை அடுக்கினால் ஒரு நூலகமே நிறையும். ஒன்று முதல் பதினேழு வரை உள்ள எண்களைக் கூட்டினால் 153 வரும் என்று கண்டுபிடித்து, அதிலிருந்து பத்துக் கட்டளைகளையும் ஆவியின் ஏழு வரங்களையும் வருவித்தார் புனித அகுஸ்தீன். உலகிலுள்ள மீன் வகைகள் மொத்தம் அத்தனை என்று இயற்கை நூலார் சொன்னதாகக் குறித்தார் புனித ஜெரோம். மகான்கள் சொன்னதை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் தூத்துக்குடியிலோ இராமேஸ்வரத்திலோ கரைக்கு வந்த படகருகே நின்று பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பங்கு பிரிப்பதற்காக மீனவர் மீனை எண்ணுவார்கள். உயிர்த்த ஆண்டவர் பக்கத்தில் நிற்கும்போதும் எண்ணிப் பங்கு வைக்கிற வேலை நடந்தது என்பதே எனக்குப் போதுமான ஆறுதல்.

இக்காலத்து வாலிபர்கள் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று கேட்கும்போது, தங்கள் உள்ளத்தையே தோண்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறோம். உனக்கு எது பிடிக்கும், உன் திறமை என்ன, உன் கனவு எது என்று. பயனற்ற கேள்விகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பேதுருவிடம் யாரும் அவர் கனவைக் கேட்கவில்லை. இவர்களைப் பார்த்துக்கொள் என்று சில முகங்கள் காட்டப்பட்டன. நோக்கம் என்பது உள்ளே தேடிக் கண்டெடுக்கப்படுவதைக் காட்டிலும் வெளியிலிருந்து கையில் கொடுக்கப்படுவது என்பதே அந்தக் கடற்கரையின் போதனையாக நான் எடுத்துக்கொள்ளுகிறேன். இதற்குப் பெரிய உதாரணம் நமக்கு அருகிலேயே உண்டு.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் வைத்தியசாலை கல்லூரியாக வளர்ந்து புகழ்பெற்றபின், கேரளத்திலிருந்து அங்கே வந்து படித்து டாக்டரானவர் மேரி வர்கீஸ். பெண்களுக்கான மருத்துவத்தில் தேர்ச்சி பெறவேண்டும் என்பது அவர் எண்ணம். 1954இல், சக மருத்துவர்களோடு சென்ற வண்டி விபத்துக்குள்ளாகி, முதுகுத்தண்டு சேதமுற்று, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போயின. முகத்திலும் பெரிய தழும்பு விழுந்தது. முப்பது வயது நிரம்பாத ஒரு பெண்ணுக்கு, அதுவும் அந்தக் காலத்தில், அதோடு வாழ்க்கை முடிந்தது என்று உலகம் தீர்ப்பெழுதியிருக்கும். பரிதாபப்பட்டு ஓர் அறையும் ஒரு கட்டிலும் கொடுத்திருக்கும். அந்நாளில் வேலூரில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றிச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையை வளர்த்துவந்த டாக்டர் பால் பிராண்டு, பரிதாபத்துக்குப் பதிலாக ஒரு வேலையைக் காட்டினார். கையில் செய்யும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் அமர்ந்து கத்தியைக் கையிலெடுத்தார் மேரி வர்கீஸ். தம் கால்கள் போன பின்பு பிறருடைய கைகளை மீட்டுக்கொடுத்தார்.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் பின்னர் நியூயார்க்குக்கும் சென்று, முடமானவர்களை மீண்டும் வாழ்க்கைக்குத் திருப்பும் மறுவாழ்வு மருத்துவத்தைக் கற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். அவர் முயற்சியால் 1966இல் அங்கே ஒரு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது, 1986இல் காலமானார். தென்னை ஏறி விழுந்து முதுகு முறிந்து, இனி ஒன்றுமில்லை என்று வந்து படுக்கிற ஒரு தொழிலாளியின் கட்டிலருகே, அதே நிலையிலுள்ள டாக்டர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது, எந்தப் பிரசங்கமும் சொல்லமுடியாத ஒன்று சொல்லப்பட்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருக்குக் கால்கள் திரும்பவில்லை. குணமானால்தான் சாட்சி என்று மேடையில் பேசுகிறவர்கள், குணமாகாமலே நிறைவடைந்த இந்த வாழ்க்கையை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

ஒரு தனி மனிதரின் விபத்தை இப்படிப் பேசலாம். மனிதர் திட்டமிட்டுச் செய்த கொலையைப் பற்றியும் சமாதானம் என்ற சொல்லை உச்சரிக்க முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நமக்கு அருகிலுள்ள இலங்கை மிகக் கொடுமையான விதத்தில் எழுப்பியது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும், மூன்று பெரிய ஹோட்டல்களிலும் வெடித்த குண்டுகளுக்கு 250க்கும் மேற்பட்டோர் இரையானார்கள். மட்டக்களப்பில் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே வந்த தமிழ்ச் சிறுவர் சிறுமியர் பலர் மாண்டார்கள். சிங்களரும் தமிழரும் அருகருகே முழங்காற்படியிட்டிருந்த கோயில்கள், உள்ளூரார் மாத்திரமன்றி வெளிநாட்டாரும் தங்கியிருந்த விடுதிகள். அந்த ஆண்டின் 50 நாளில் முதல் நாளே அது.

அடுத்த ஞாயிறு அந்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்கள் பாதுகாப்புக் கருதி மூடப்பட்டிருந்தன. கர்தினால் மால்கம் ரஞ்சித் தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய திருப்பலியை ஜனங்கள் தொலைக்காட்சியில் கண்டார்கள். உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு, பூட்டிய கதவுகளுக்குள் சீஷர் இருந்ததைப் பற்றிய சுவிசேஷப் பகுதி வாசிக்கப்படும் ஞாயிறு, மெய்யாகவே பூட்டிய கதவுகளுக்குள் கழிந்தது. மறுஆண்டு உயிர்த்த ஞாயிறு பிரசங்கத்தில் கர்தினால், தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். அத்தோடு அவர் வாயடைத்துப் போகவில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்காமல் விட்டவர் யார், பின்னணியில் இருந்தவர் யார் என்ற உண்மையை ஒவ்வோர் ஆட்சியிடமும் விடாமல் கேட்டுவந்தார். பாதிக்கப்பட்ட குடும்பத்தாரும் மற்றோரும் தொடுத்த வழக்கில், 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உள்ளிட்டோர் தங்கள் கடமையில் தவறியதாகக் கண்டு, அவர் மட்டும் பத்துக் கோடி இலங்கை ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மன்னிப்பும் நியாயமும் ஒன்றையொன்று அழிப்பவை என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கவனிக்கவேண்டும். பழிவாங்கும் வெறியை விட்டுவிட்டவர்களால்தான் உண்மையைக் களைப்பின்றிக் கேட்கமுடிகிறது. வெறி சீக்கிரம் எரிந்து தணிந்துவிடும், அல்லது அப்பாவியான அயலான் வீட்டைத் தேடும். அந்த நாள்களில் சில இடங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதும், அப்படிச் செய்யவேண்டாம் என்று கர்தினால் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டதும் இங்கே சேர்த்து நினைக்கத் தக்கவை. தழும்பை மறைக்காத சமாதானம் என்று முன்னே சொன்னேன். அதன் கடினமான பகுதி இதுதான்.

இனி, நேர்மையான ஒரு மறுப்புக்குப் பதில் சொல்லவேண்டும். நோயாளியைப் பராமரிப்பதற்கும் நியாயம் கேட்பதற்கும் கல்லறை திறந்ததை நம்பவேண்டுமா? நம்பாத எத்தனையோ உத்தமர்கள் அவற்றைச் செய்கிறார்களே! செய்கிறார்கள், பல வேளைகளில் நம்புகிறவர்களைக் காட்டிலும் நன்றாகவே செய்கிறார்கள், அதை ஒப்புக்கொள்ளக் கூசுகிற கிறிஸ்தவன் தன் குருவின் நல்ல சமாரியன் கதையைப் படிக்காதவன். விசுவாசம் கூட்டித் தருவது வேறொன்று. கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், பவுல் அடியார் 58 வசனங்கள் நீளத்துக்கு உயிர்த்தெழுதலைப் பற்றி வாதிக்கிறார், சாட்சிகளை அடுக்குகிறார், விதையையும் நட்சத்திரங்களையும் காட்டுகிறார், மரணத்தையே எதிரில் நிறுத்திச் சவால் விடுகிறார். அவ்வளவு உயரத்துக்குப் போன அந்த அதிகாரம் எங்கே வந்து இறங்குகிறது? நீங்கள் படும் பாடு வீண்போகாது, ஆகையால் வேலையில் பெருகுங்கள் என்ற கருத்தில் இறங்குகிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமோ எருசலேமிலுள்ள ஏழைகளுக்குக் காசு சேர்க்கும் விஷயம்: வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கவேண்டும் என்ற ஏற்பாடு. அதிகாரப் பிரிவினை பின்னாளில் வந்தது. பவுல் எழுதும்போது நித்திய ஜீவனுக்கும் நிதி வசூலுக்கும் இடையில் ஒரு மூச்சுகூட விடவில்லை.

நல்லது செய்கிறவர்கள் எல்லாரையும் ஒரு நாள் பிடிக்கிற சலிப்பு உண்டு. இவ்வளவு செய்து என்ன பயன், காப்பாற்றியவரும் சாகப்போகிறார், நாமும் சாகப்போகிறோம், ஊர் பழையபடியே இருக்கிறது என்ற எண்ணம். சாவுக்குக் கடைசி வார்த்தை இல்லை என்ற நம்பிக்கை அந்தச் சலிப்பின் கையிலிருந்து வேலையைப் பறித்துக்கொடுக்கிறது. நான் அறிந்தவரை கிறிஸ்தவ சமாதானம் என்பது அவ்வளவே: பயனின் கணக்கைத் தன்னினும் பெரிய கையில் விட்டுவிட்டு, இன்றைக்குரியதைச் செய்துகொண்டிருக்கிறவனின் அயராமை. இது மலிவான பொருளல்ல. மேடையில் மூன்று நாள் கூட்டத்தில் கிடைப்பதுமல்ல.

ஆகவே நம் சபைகளின் குருமார்களுக்கும் மூப்பர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்று உண்டு. உபவாச காலத்துக்கென்று இவ்வளவு அட்டவணை போடுகிறீர்களே, தியான வரிசை, சிலுவைப்பாதை, வீட்டு ஜெபம் என்று. உயிர்ப்புக் காலத்தின் 50 நாளுக்கும் ஓர் அட்டவணை போடுங்கள். அதில் தியானத்தைக் குறைத்து மனிதர்களின் பெயர்களை நிரப்புங்கள். நம் நாட்டில் இந்த 50 நாளின் பெரும்பகுதி சித்திரை வைகாசி வெயிலில் வருகிறது; வேலை தேடி எங்கும் போகவேண்டியதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. பேதுருவின் தொழிலைச் செய்கிற பல்லாயிரம் குடும்பங்களில், அவற்றுள் நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கிறிஸ்துவை வணங்கிவரும் முத்துக்குளித்துறைப் பரதவர் குடும்பங்களும் அடக்கம், அடுப்பெரிவது கஷ்டமாகிற காலம் அது. படகுச் சொந்தக்காரரைக் காட்டிலும், கூலிக்குக் கடல் போகிறவரையும், மீன் தலைச்சுமை விற்கும் கைம்பெண்ணையும் முதலில் விசாரியுங்கள். அதே காலத்தில்தான் பிளஸ் டூ தேர்வு முடிவுகளும் வெளிவருகின்றன. முதலிடம் பெற்ற பிள்ளைக்குக் கோயிலில் பொன்னாடை போர்த்துகிறோம். தோற்ற பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே போய், பாடம் சொல்லாமல், அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரவேண்டியவர் யார் என்று ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். கடற்கரையில் சாப்பாடு முந்தி, கேள்வி பிந்தி என்ற ஒழுங்கை அங்கே மறக்கவேண்டாம்.

ஒரு காரியத்தை மாத்திரம் வற்புறுத்திச் சொல்லுகிறேன். இந்த வேலைகளைச் சபையின் பிரமுகர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கோயிலின் கடைசி வரிசையில் உட்காருகிறவர், குடியை விட்டு ஆறு மாதம்கூட ஆகாதவர், புருஷனை இழந்தபின் வெளியே வரக் கூசுகிறவர், ஒரு காலத்தில் சபைக் கணக்கில் தவறு செய்து ஒதுக்கப்பட்டவர், விசுவாசமே சந்தேகமாயிருக்கிறது என்று ஒளிவின்றிச் சொல்லுகிற கல்லூரி மாணவன், இவர்களுடைய பெயர்களை முதலில் எழுதுங்கள். இவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஆள் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளாமல், இவர்களையே ஆளாக அனுப்புங்கள். அடுத்த சபைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசிப் பாருங்கள்.